காலையில் மங்கி மதியம் தெளியும் கண்: கார்னியா வீங்குவது ஏன்?

கேள்வி இதுதான்: “அம்மாவுக்கு 68 வயது. மூன்று வாரங்களுக்கு முன் வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. உள்ளே வைத்த லென்ஸ் சரியாக இருக்கிறது, ஆனால் கார்னியா வீங்கியிருக்கிறது என்கிறார் மருத்துவர். காலையில் எழுந்ததும் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறதாம். பதினோரு மணிக்கு மேல் மெல்லத் தெளிகிறதாம். கார்னியா என்பது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற பாகம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். கண்ணாடி எப்படி வீங்கும்? இடது கண்ணிலும் புரை இருக்கிறது. அதற்கும் அறுவை செய்யலாமா என்று பயமாக இருக்கிறது.”

கண் வங்கியில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். தானமாக வந்த கார்னியாக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எது அடுத்தவர் கண்ணுக்குப் போகும் தகுதியோடு இருக்கிறது என்று கணக்கெடுப்பது என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், “கண்ணாடி எப்படி வீங்கும்” என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கண்ணாடி வீங்காது. கார்னியா வீங்கும், ஏனென்றால் அது உயிருள்ள திசு. சும்மா விட்டால் அது தண்ணீரை உறிஞ்சி வெளுத்துப்போகும். நம் வாழ்நாள் முழுவதும் அது தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதற்குள் சில லட்சம் செல்கள் இரவும் பகலும் ஓயாமல் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருப்பதுதான். உங்கள் அம்மாவின் கண்ணில் இப்போது அந்த இறைப்பு தளர்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, கார்னியாவை வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். செய்தித்தாள்களில் கார்னியாவைக் கருவிழி என்றே எழுதுகிறார்கள். ஆனால் அதற்கு நிறமே கிடையாது. நாம் கறுப்பாகப் பார்ப்பது அதற்குப் பின்னால் இருக்கும் நிற வளையமான ஐரிஸையும் நடுவில் உள்ள கண்மணித் துளையையும்தான். கைக்கடிகாரத்தின் முள்ளுக்கு மேல் கண்ணாடி கவிந்திருப்பதுபோல், ஐரிஸுக்கு முன்னால் கவிந்திருக்கிறது கார்னியா. குறுக்களவு சுமார் 11.5 மில்லிமீட்டர். நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டரை விடச் சற்றே அதிகம், ஏறக்குறைய 540 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓரத்துக்குப் போகப் போகத் தடிமன் கூடும்.

நம் ஊர்ப் பேச்சில் “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்பார்கள். “கண்ணில் புரை விழுந்துவிட்டது” என்றும் சொல்வார்கள். இரண்டும் வேறு. பூ என்பது கார்னியாவில் விழும் வெள்ளைத் தழும்பு. புரை என்பது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்குவது. மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காத பாட்டிகள் இந்த வேறுபாட்டைச் சரியாக வைத்திருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு இருந்தது புரை, அது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது வந்திருப்பது கார்னியாவின் சிக்கல், ஆனால் பூ இல்லை. பூ தழும்பு, தானாகப் போகாது. வீக்கம் பல நேரங்களில் வடிந்துவிடும்.

கண்மணிக்குப் பாவை என்றொரு பழைய பெயர் உண்டு. எதிரில் இருப்பவரின் கண்ணை அருகில் போய்ப் பார்த்தால் அதில் சின்னப் பொம்மைபோல் நம் உருவம் தெரியும். அந்தப் பாவையைக் காட்டுவது கண்மணி இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் கார்னியாவின் பளபளப்பான மேற்பரப்பு. அது ஒரு சிறிய குவியாடி. அந்த உருவம் நெளியாமல் தெளிவாக விழுந்தால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறது என்று பொருள். ஒளி வட்டங்களைக் கண்ணின் மேல் விழச்செய்து, அவற்றின் பிரதிபலிப்பு எங்கே நெளிகிறது என்று பார்க்கும் கருவிகள் இன்றைக்கும் கண் மருத்துவமனைகளில் இருக்கின்றன. செய்வது அதே வேலைதான்.

பள்ளிப் பாடம் ஒரு விஷயத்தில் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. கண்ணில் ஒளியைக் குவிப்பது லென்ஸ் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் பெரும் பங்கு கார்னியாவுடையது. கண்ணின் மொத்தக் குவிப்புத் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர் (மூக்குக் கண்ணாடியின் பவரைச் சொல்லும் அதே அலகு). அதில் 43 டயாப்டர் அளவு கார்னியாவிலிருந்து வருகிறது. காற்றிலிருந்து ஈரமான வளைந்த பரப்புக்குள் ஒளி நுழையும் அந்த ஓர் இடத்தில்தான் அது மிக அதிகமாக வளைகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ப மீதியைத் திருத்திக் கொடுக்கிறது.

இதற்குச் சான்று வேண்டுமானால், கிணற்றிலோ குளத்திலோ மூழ்கிக் கண்ணைத் திறந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். எல்லாம் கலங்கித் தெரியும். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் அப்படி என்று நினைப்போம். கண்ணாடிபோன்ற தண்ணீரிலும் அப்படித்தான் தெரியும். கார்னியாவும் தண்ணீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைக்கின்றன. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லாதபோது அந்த எல்லையில் ஒளி வளைவதே இல்லை. 40 டயாப்டருக்கு மேல் ஒரே நொடியில் காணாமல் போய்விடுகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் மறுபடியும் காற்று வந்துவிடுகிறது, பார்வையும் திரும்பிவிடுகிறது.

வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாவிட்டால், அதாவது ஒரு திசையில் செங்குத்தாகவும் மறுதிசையில் தட்டையாகவும் இருந்தால், மூக்குக் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஓர் எண் வரும். இளம் வயதில் சிலருக்குக் கார்னியாவின் நடுப்பகுதி மெலிந்து கூம்புபோல் முன்னே பிதுங்கும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இதை மோசமாக்குகிறது. ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் முட்டி மடக்கிக் கண்ணைத் தேய்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கும். கூம்பு வளர்வதை நிறுத்த, ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு புறஊதாக் கதிர் காட்டி, கார்னியாவின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை அது.

இனி அடுக்குகளுக்கு வருவோம். கார்னியாவின் மேல் எப்போதும் கண்ணீர்ப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. இமைக்கும்போதெல்லாம் அது புதுப்பிக்கப்படுகிறது. அதற்குக் கீழே எபிதீலியம், அதாவது மேல்தோல். ஐந்து முதல் ஏழு செல் வரிசை, சுமார் 50 மைக்ரான் தடிமன். இது வேகமாக வளரும் தோல். ஏழு முதல் பத்து நாளில் முழுவதும் புதிதாகிவிடும். நகக்கீறல் பட்டாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும்.

இந்தப் புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? கார்னியாவும் வெள்ளை விழியும் சந்திக்கும் வட்ட விளிம்பிலிருந்து. அங்கேதான் மூலச் செல்கள் குடியிருக்கின்றன. அவை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்துவரும். சுண்ணாம்பு கண்ணில் தெறிப்பது பயங்கரமானது என்று சொல்வது இதனால்தான். அமிலத்தை விடக் காரம் ஆழமாகப் புகும். செல்களின் கொழுப்புச் சுவரைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். போகிற போக்கில் விளிம்பில் உள்ள மூலச் செல்களையும் அழித்துவிடும். பிறகு மேல்தோல் வளர விதை இருக்காது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் விடவே கூடாது. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே, அந்த இடத்திலேயே, கிடைக்கிற சுத்தமான தண்ணீரால் அரை மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். இமைக்கு அடியில் சிக்கிய துகள்களையும் எடுக்க வேண்டும். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து மிகச் சிறிய துண்டு எடுத்து, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, பாதிக்கப்பட்ட கண்ணின் மேல் பரப்பி வளர்க்கும் எளிய முறையை ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தினர் 2012இல் வெளியிட்டார்கள். ஒரு கண் தப்பியவர்களுக்கு அது பெரிய வரம்.

மேல்தோலில் நரம்புகள் அடர்ந்து கிடக்கின்றன. தோலை விட இங்கே நரம்பு முனைகளின் அடர்த்தி சில நூறு மடங்கு அதிகம் என்று மதிப்பிடுகிறார்கள். கண்ணுக்கே தெரியாத தூசி விழுந்தாலும் கல் விழுந்ததுபோல் உறுத்துவதும், வெங்காயம் அரிந்தால் நீர் கொட்டுவதும் இதனால்தான். இந்த உறுத்தல் காவல்காரன். சர்க்கரை நோயிலோ அக்கி வைரஸாலோ இந்த உணர்ச்சி மழுங்கிப்போனால் புண் வந்தாலும் ஆளுக்குத் தெரியாது.

மேல்தோல் கீறிவிட்டால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. நம் நெல் வட்டாரங்களில் அறுவடைக் காலத்தில் கண்ணில் உமியோ தாளோ பட்டு வரும் கார்னியாப் புண்களில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. மேலை நாட்டு மருத்துவர் அரிதாகப் பார்ப்பதை மதுரையில் உள்ள கண் மருத்துவர் வழக்கமாகப் பார்க்கிறார். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2013இல் வெளியானது. விலை கூடிய புதிய மருந்தான வோரிகோனசோலை விட, பழைய நேட்டாமைசின் சொட்டு மருந்தே பூஞ்சைப் புண்ணுக்குச் சிறந்தது என்று அது காட்டியது. உலகம் முழுவதும் இன்று அதைப் பின்பற்றுகிறார்கள். ஆகவே கண்ணில் உமி பட்டால் தாய்ப்பால் விடுவது, இலைச் சாறு பிழிவது, நாக்கால் துழாவி எடுப்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள். அன்பால் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். அந்த அன்பு கண்ணைக் கெடுத்துவிடுகிறது. மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டை வாங்கி ஊற்றுவது அதைவிடக் கேடு. பூஞ்சைக்கு அது உரம்போட்ட மாதிரி.

மேல்தோலுக்கு அடியில் போமன் படலம் இருக்கிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் போமன் பெயரால் வழங்குவது. செல்களே இல்லாத, பத்து மைக்ரான் அளவுள்ள இறுகிய அடுக்கு. இது மறுபடி வளராது. காயம் இதைத் தாண்டி ஆழமாகப் போனால் தழும்பு விழும். பூ விழுவது இப்படித்தான்.

அதற்குக் கீழே இருக்கும் ஸ்ட்ரோமாதான் கார்னியாவின் உடல். தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு இதுவே. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கண்ணின் வெள்ளை விழி எதனால் ஆனதோ, அதே கொலாஜன் என்ற புரத இழைகளால்தான் ஸ்ட்ரோமாவும் ஆகியிருக்கிறது. ஒன்று சுவர்போல் வெள்ளை. மற்றது ஊற்றுநீர்போல் தெளிவு. எப்படி?

விடை அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. வெள்ளை விழியில் இழைகள் தடித்தும் மெலிந்தும், குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. கார்னியாவில் ஒவ்வோர் இழையும் ஏறக்குறைய ஒரே பருமன், சுமார் 30 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்). ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவு. இப்படி இணையாக ஓடும் இழைகள் ஒரு தகடாகவும், அதன்மேல் வேறு திசையில் ஓடும் இழைகள் அடுத்த தகடாகவும், இருநூறுக்கு மேற்பட்ட தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. நன்றாக வைத்த புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் இழைகளின் முனைகள் அப்படித்தான் தெரியும்.

இந்த ஒழுங்குக்கும் தெளிவுக்கும் உள்ள தொடர்பை 1957இல் டேவிட் மாரிஸ் என்ற அறிவியலாளர் விளக்கினார். ஒவ்வோர் இழையும் தன்மேல் படும் ஒளியில் கொஞ்சத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கிறது. ஆனால் இழைகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தை விட மிகவும் சிறியது, சீரானதும் கூட. அதனால் பக்கவாட்டில் போகும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நேராகப் போகும் அலைகள் மட்டும் பிழைக்கின்றன. ஒளி சிந்தாமல் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. இழைகள் கணித ஒழுங்கில் இருக்க வேண்டியதில்லை, அருகருகே ஓரளவு சீராக இருந்தால் போதும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அடிப்படை மாறவில்லை.

இப்போது அந்தப் புள்ளிக் கோலத்தின்மேல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும்? புள்ளிகள் நகர்ந்துவிடும். கார்னியா வீங்குவது என்றால் நடப்பது இதுதான். இழைகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து ஆங்காங்கே தேங்குகிறது. இடைவெளி கெடுகிறது. சிதறும் ஒளி இப்போது அழிவதில்லை. பனிமூட்டம் தெரிகிறது.

தண்ணீர் ஏன் புக வேண்டும்? இழைகளுக்கு நடுவே சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதங்கள் இருக்கின்றன. இழைகளுக்கு இடைவெளி காப்பவை அவைதான். அவை எதிர்மின்னேற்றம் கொண்டவை, மழைக்காலத்து உப்பைப்போல் தண்ணீரை இழுப்பவை. எந்தப் பொருள் ஒழுங்கைக் காக்கிறதோ அதுவே வெள்ளத்தையும் வரவழைக்கிறது. உயிரற்ற கார்னியா ஒன்றை வெறும் தண்ணீரில் போட்டு வைத்தால், சில மணி நேரத்தில் பல மடங்கு தடித்து வெளுத்துவிடும்.

ஸ்ட்ரோமாவைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில் அவரும் உடன் பணியாற்றியவர்களும், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சுற்றியுள்ள திசு கருகாமல், வெட்டு மட்டும் துல்லியமாக விழுந்தது. பிறகு ஸ்டீவன் டிரோக்கல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து அதைக் கார்னியாவில் சோதித்தார்கள். இன்று லட்சக்கணக்கானோர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவைக்க உதவும் லேசிக் அங்கிருந்து வந்தது. ஸ்ட்ரோமாவைச் சில பத்து மைக்ரான் செதுக்கினால் வளைவு மாறுகிறது, பவர் மாறுகிறது. அவ்வளவுதான் தத்துவம்.

கார்னியாவில் ரத்தக் குழாய் இல்லை. இருந்தால் ஒளி தடைபடும். அப்படியானால் அது எப்படி உயிர் வாழ்கிறது? ஆக்சிஜனை நேரடியாகக் காற்றிலிருந்து, கண்ணீரில் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குளுக்கோஸை உள்பக்கத்திலிருந்து, கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள முன்னறையில் சுற்றிவரும் நீரிலிருந்து பெறுகிறது. கான்டாக்ட் லென்ஸோடு தூங்கக் கூடாது என்று மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். மூச்சுவிடும் வாசலை அடைத்துவிட்டுத் தூங்குகிறோம். ரத்தக் குழாய் இல்லாததால் இன்னொரு நன்மையும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி இங்கே அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல் திசுப் பொருத்தம் பார்க்காமலேயே ஒருவர் கார்னியாவை இன்னொருவருக்கு வைக்க முடிவது அதனால்தான்.

ஸ்ட்ரோமாவுக்குக் கீழே டெஸ்மே படலம். பிறக்கும்போது மூன்று மைக்ரான் அளவில் இருந்து, ஆயுள் முழுவதும் மெல்லத் தடித்துப் பத்து மைக்ரானை எட்டும். அதற்கும் ஸ்ட்ரோமாவுக்கும் இடையில் இன்னொரு மெல்லிய, உறுதியான அடுக்கு இருப்பதாக 2013இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பணியாற்றும் ஹர்மிந்தர் துவா அறிவித்தார். அது தனி அடுக்கா, ஸ்ட்ரோமாவின் கடைசிப் பகுதியா என்ற வாதம் இருந்தாலும் அறுவை மருத்துவர்களுக்கு அது பயன்பட்டுவிட்டது.

எல்லாவற்றுக்கும் உள்ளே, முன்னறை நீரில் நனைந்தபடி இருப்பது எண்டோதீலியம். உங்கள் அம்மாவின் கதை முழுவதும் இங்கேதான் நடக்கிறது. ஒரே ஒரு செல் வரிசை. ஐந்து மைக்ரான் தடிமன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அறுகோணங்கள் பிசிறில்லாமல் பொருந்தி, தேன்கூட்டைப் போலவே இருக்கும். எத்தனையோ ஆயிரம் முறை பார்த்த பிறகும், நல்ல எண்டோதீலியம் திரையில் வரும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இதன் செல்கள் முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. இடையே முன்னறை நீர் கசிந்து ஸ்ட்ரோமாவுக்குள் போகிறது. அது பழுது இல்லை, தேவை. கசிவோடுதான் சாப்பாடு வருகிறது. ஆனால் வந்த நீர் அங்கேயே தங்கினால் வீக்கம். எனவே அதே செல்கள், தங்கள் சுவரில் உள்ள சோடியம் பம்புகளை இயக்கி அயனிகளை வெளியே தள்ளுகின்றன. தண்ணீர் பின்தொடர்ந்து வெளியேறுகிறது. ஓட்டைப் படகில் ஒருவர் உட்கார்ந்து ஓயாமல் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல. கசிவும் இறைப்பும் சமமாக இருக்கும்வரை ஸ்ட்ரோமாவில் நீரின் அளவு 78 சதவீதத்தில் நிற்கிறது. கோலம் கலையாமல் இருக்கிறது.

துயரம் என்னவென்றால், மனிதக் கண்ணில் இந்தச் செல்கள் பெருகுவதில்லை. பிறக்கும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நாலாயிரத்துக்கும் அதிகமாக இருக்கும். வளர்ந்தவர்களுக்கு 2500 முதல் 3000. வயதாக ஆக, ஆண்டுக்கு ஏறக்குறைய 0.6 சதவீதம் குறையும். ஒரு செல் செத்தால் புதிது பிறக்காது. பக்கத்துச் செல்கள் தங்களை விரித்து அந்த இடத்தை மூடும். முதியவர்களின் எண்டோதீலியத்தில் அறுகோணங்கள் பெருத்தும் கோணலாகவும் இருப்பது அதனால். கையிருப்பு நிறைய இருப்பதால் நூறு வயதுவரை பெரும்பாலோருக்குச் சிக்கல் வராது. எண்ணிக்கை ஐந்நூறை ஒட்டி இறங்கினால் இறைப்பு தோற்கத் தொடங்கும்.

இப்போது அம்மாவின் காலைப் பனிமூட்டத்தைப் பார்ப்போம். கண் திறந்திருக்கும்போது கண்ணீர் ஆவியாகிறது, மிஞ்சிய கண்ணீரில் உப்பு கூடுகிறது, அது கார்னியாவிலிருந்து கொஞ்சம் நீரை இழுத்துக்கொள்கிறது. இமை மூடித் தூங்கும்போது இந்த உதவி இல்லை. ஆக்சிஜனும் குறைகிறது. லாக்டிக் அமிலம் சேர்கிறது, அதுவும் நீரைக் கூட்டுகிறது. நல்ல கண்ணிலும் இரவில் கார்னியா மூன்று நான்கு சதவீதம் தடிக்கிறது. எழுந்து கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடுவதால் நாம் உணர்வதில்லை. அம்மாவின் எண்டோதீலியம் தளர்ந்திருப்பதால் அந்த வடிகால் வேலை பதினோரு மணிவரை இழுக்கிறது. மங்கல் ஒரு நாளுக்குள்ளேயே தெளிகிறது என்பது என் பார்வையில் நல்ல செய்தி. பம்புகள் நிற்கவில்லை, மெதுவாக ஓடுகின்றன.

அறுவையின்போது என்ன நடந்திருக்கும்? புரை லென்ஸை அல்ட்ராசவுண்டு முனையால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். அது நடக்கும் இடத்துக்கும் எண்டோதீலியத்துக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். செல்களைக் காக்க ஒரு பசைபோன்ற திரவத்தை நிரப்பித்தான் செய்கிறார்கள். இருந்தும் எந்தப் புரை அறுவையிலும் கொஞ்சம் செல் இழப்பு இருக்கும். லென்ஸ் கல்லாக இறுகியிருந்தால் உடைக்க அதிக ஆற்றல் வேண்டும், இழப்பும் கூடும். “புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவது பழங்காலத்து அறுவைக்குப் பொருந்திய அறிவுரை. இன்று அது கேடு. இன்னொரு வாய்ப்பும் உண்டு. சிலருக்கு அறுவைக்கு முன்பே எண்டோதீலியம் நலிந்திருக்கும். வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1910இல் விவரித்ததால் ஃபுக்ஸ் நோய் என்கிறார்கள். டெஸ்மே படலத்தில் சிறு முண்டுகள் தோன்றும், செல்கள் விரைவாகக் குறையும். பெண்களுக்கு அதிகம் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை முடிந்தபின் கையிருப்பு போதாமல் போகிறது. இது மருத்துவரின் தவறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்று வாரம் என்பது முடிவெடுக்கும் காலம் இல்லை. அதிர்ச்சியில் மயங்கிய செல்கள் தெளியும், பக்கத்துச் செல்கள் விரியும். பொதுவாக மூன்று மாதம்வரை பொறுத்துப் பார்ப்பார்கள். அழற்சியைக் குறைக்கும் சொட்டும், 5 சதவீத உப்புச் சொட்டும் தருவார்கள். உப்புச் சொட்டு எரியும். அம்மா முகம் சுளித்தாலும் நிறுத்தாதீர்கள், அது வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கும் வேலையைச் செய்கிறது. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று சொன்னால் வீக்கம் மேல்தோலுக்கு ஏறியிருக்கிறது என்று பொருள். அங்கே கொப்புளம் வந்து உடைந்தால் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். வலி, சிவப்பு, சீழ், திடீரென்று பார்வைக் குறைவு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

ஒருவேளை வடியவே இல்லை என்றால்? 1905 டிசம்பர் 7 அன்று, இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரில், சுண்ணாம்பால் வெந்த கண்ணில் எட்வர்ட் ஸிர்ம் முதல் முறையாக வெற்றிகரமாகக் கார்னியாவை மாற்றி வைத்தார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம், கெட்டது எந்த அடுக்கானாலும் கார்னியாவை முழுத் தடிமனில் வெட்டி எடுத்துத் தைப்பதே வழக்கமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. நெதர்லாந்தின் ஹெரிட் மெல்லஸ் வளர்த்தெடுத்த முறையில், டெஸ்மே படலத்தையும் எண்டோதீலியத்தையும் மட்டும், அதாவது நூறில் மூன்று பங்குகூட இல்லாத ஒரு சவ்வை, உள்ளே சுருளாகச் செலுத்தி விரித்து, காற்றுக் குமிழால் மேலே தள்ளி ஒட்டவைக்கிறார்கள். தையல் மிகக் குறைவு. நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், குமிழ் மேல்நோக்கி அழுத்துவதற்காக. சென்னையின் அமர் அகர்வாலும் துவாவும் சேர்ந்து 2014இல், துவா கண்ட அடுக்கையும் உடன் சேர்த்து எடுக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். கியோட்டோவில் ஷிகெரு கினோஷிதாவின் குழு எண்டோதீலியச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஊசியால் கண்ணுக்குள் செலுத்தி, நோயாளியை மூன்று மணி நேரம் குப்புறப் படுக்கவைத்து, 11 பேரில் பலன் கண்டதை 2018இல் வெளியிட்டது. பெருகாத செல்லைப் பெருக்கிக் காட்டிய அந்த வேலையைப் படித்த நாளை நான் மறக்க மாட்டேன்.

தானத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். “எண்பது வயதுக் கிழவரின் கண் யாருக்குப் பயன்படும்” என்று குடும்பத்தார் கேட்பார்கள். டெஸ்மே படலம் வயதோடு தடிக்கிறது என்றேன் அல்லவா? அந்தத் தடிப்பால் அது கிழியாமல் உரிக்க வருகிறது, உள்ளே எளிதாக விரிகிறது. செல் எண்ணிக்கை நன்றாக இருந்தால் இந்த அறுவைக்கு முதியவரின் திசுவைத்தான் மருத்துவர் விரும்பிக் கேட்பார். மூக்குக் கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, புரை அறுவை ஆனவர் எல்லோரும் தரலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். கார்னியா உலராமல் இருக்கும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945இல் மருத்துவர் முத்தையா தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் கண் வங்கி.

இடது கண்ணுக்கு வருகிறேன். அறுவைக்கு முன் அந்தக் கண்ணில் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தொடாமல், சில நிமிடங்களில் முடியும் படம் அது. மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை செல், நடுத் தடிமன் எத்தனை மைக்ரான், முண்டுகள் தெரிகின்றனவா. எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கு மேல் இருந்து, முண்டுகளும் இல்லாவிட்டால், கூடுதல் பாதுகாப்புத் திரவத்தோடு தயங்காமல் செய்யலாம். மிகக் குறைவாக இருந்தாலோ, தடிமன் இப்போதே 640 மைக்ரானை ஒட்டி இருந்தாலோ, கார்னியா நிபுணர் ஒருவரும் பார்த்த பிறகு செய்வது நல்லது. வலது கண்ணின் தடிமனையும் ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்டு எழுதி வையுங்கள், காலையில் மங்கல் எத்தனை மணிக்குத் தெளிந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பதினொன்று பத்தாகி, பத்து ஒன்பதாகி வந்தால் செல்கள் தங்கள் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.